ஒழுங்கீனக் குழந்தைகள் நிற்கும் இடம்

போன வருஷம் சண்டை ரோபோப் போட்டியில் ஒரு குழந்தைக்கு விரலில் கீறல் பட்டது. ஒரு மேஜையின் விளிம்பில் தகரம் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பிளாஸ்திரி ஒட்டினார்கள், குழந்தை அழுகையை நிறுத்தியது, அன்று சாயங்காலமே அதை மறந்தும் போனது. போட்டியை நடத்துகிற கூட்டமைப்பு மறக்கவில்லை. ஒரு வருஷம் உட்கார்ந்து யோசித்து, குழந்தைகள் பாதுகாப்பு உயர்மட்டக் குழு என்று ஒன்றை உண்டாக்கியது. குழுவுக்கு ஒரு கொடி, ஒரு சின்னம், பச்சை நிறத்தில் கழுத்துப்பட்டை எல்லாம் வந்தன. தகரம் மட்டும் இந்த வருஷமும் அதே மேஜையில் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை மடக்குவது குழுவின் வேலையா, மேஜையை வாடகைக்கு விட்டவரின் வேலையா என்பது இன்னும் பேச்சுவார்த்தையில் இருந்தது.

இந்த விவரம் எதுவும் தெரியாமல்தான் மோட்டார் அக்கா தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ரோபோவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு மண்டபத்து வாசலுக்கு வந்தாள். மிக்சியிலிருந்து வாஷிங்மெஷின் வரைக்கும் எரிந்துபோன மோட்டாருக்கெல்லாம் கம்பி சுற்றிக் கொடுப்பது அவள் பிழைப்பு. அந்த மோட்டார்களில் மிஞ்சியதை வைத்துச் சண்டை ரோபோ செய்வது அவள் பைத்தியம். இந்த வருஷத்து ரோபோவுக்கு ஆமை என்று பெயர். தட்டையாக, எதிரியின் அடியில் நுழைந்து கவிழ்த்துவிடுகிற மாதிரி செய்திருந்தாள். பெயர் வைத்தது ஒன்பது வயது மகள். அந்த மகளை எல்லோரும் நண்டு என்று கூப்பிட்டார்கள். கைக்குள் அகப்பட்டதை விடாத பிறவி அது.

போட்டியை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு ரோபோக்களைத் தடித்த பிளாஸ்டிக் சுவர் போட்ட ஒரு கூண்டுக்குள் விடுவார்கள். அவை ஒன்றையொன்று அறுத்துப் போடும். பார்ப்பவர்களுக்கு அங்கேதான் ஆபத்து இருப்பதாகத் தோன்றும். உண்மையில் கூண்டுக்குச் சுவர் இருக்கிறது. ஆபத்தெல்லாம் வெளியே, சுவர் இல்லாத வேலைப்பகுதியில், ரோபோக்களை மேஜை மேல் கவிழ்த்துப் போட்டுப் பழுது பார்க்கிற இடத்தில்தான். அதனால் ரோபோ செய்கிறவர்கள் எல்லோருக்கும் மூன்று பழக்கம் ரத்தத்தில் ஊறியிருக்கும். கூண்டுக்கு வெளியே இருக்கும்வரை சுழலும் தட்டு அசையாதபடி அதன் ஓட்டையில் ஒரு பூட்டுக்கம்பி செருகியிருக்க வேண்டும். பேட்டரியையும் மோட்டாரையும் சேர்க்கிற லிங்க் என்ற சின்னச் செருகி வெளியே உருவியிருக்க வேண்டும். கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி இருக்க வேண்டும். இதை நண்டுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவள் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். வீடே இடிந்து விழுந்தாலும் கண்ணாடியைக் கழற்றாதே என்பது அந்த வீட்டின் முதல் சட்டம்.

வாசலில் பச்சைக் கழுத்துப்பட்டை போட்ட காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

"குழந்தை யாரோடது?"

"என்னோடதுதாங்க."

"இப்போதைக்கு உங்களோடது. இந்தக் கோட்டைத் தாண்டிட்டா குழுவோடது."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நண்டின் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டி இறுக்கினார். மோட்டார் அக்காவின் சட்டையில் ஓர் அட்டையைக் குத்தினார். அதில் 'தற்காலிக முன்னாள் பெற்றோர்' என்று அச்சடித்திருந்தது. போன வருஷம் குழந்தை என் பக்கத்திலேயே இருந்தாளே, கம்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தாளே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அந்த முறையில்தான் ஒரு விரல் கீறப்பட்டது என்று காவலர் பொறுமையாக விளக்கினார். இனிமேல் எந்தக் குழந்தையும் பெற்றோரின் பொறுப்பற்ற கையில் விடப்படாதாம். இந்த விளக்கத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் நண்டை இன்னொரு கழுத்துப்பட்டை கூட்டிக்கொண்டு போய்விட்டது.

குழந்தைகள் பாதுகாப்பு வளாகம் என்பது நான்கு கம்பங்கள், அவற்றைச் சுற்றி மஞ்சள் நாடா, உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் நாற்காலிகள், அவ்வளவுதான். அதை ஏதாவது ஓரமாகப் போட்டிருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். வேலைப்பகுதியின் நட்டநடுவில் போட்டிருந்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. குழந்தைகள் எந்நேரமும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது முதல் விதி. யாருடைய கண்ணில் என்று குழுவுக்குள் பெரிய சண்டை நடந்து, கடைசியில் கூட்டமைப்புத் தலைவரின் கண்ணில் என்று தீர்மானமானது. தலைவர் மேடையில் இருப்பார். ஆகவே வளாகம் மேடைக்கு நேர் எதிரே வந்தது. சுற்றிலும் அரவைச் சத்தம், தீப்பொறி, பேட்டரிச் சூடு. நடுவில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள், பெரியவர்கள் அளவில் வாங்கிய கண்ணாடி மூக்கில் நிற்காததால் தலைக்குப் பின்னால் கயிறு கட்டி, பரீட்சை எழுத வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

மேடைக்கும் வளாகத்துக்கும் இடையில் நீலத் துணி போர்த்திய ஒரு பீடம். அதன் மேல் கூட்டமைப்பின் சொந்த ரோபோ, பாதுகாவலன். தலைவரின் மருமகன் செய்தது. முன்னால் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஓர் இரும்புத் தட்டு, ஓரத்தில் நான்கு பல், தட்டின் மேல் குழுவின் சின்னம் பளபளவென்று வரைந்திருந்தது. மற்ற எல்லா ரோபோவையும் மூன்று பரிசோதகர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பரிசோதித்தார்கள். பாதுகாவலனைப் பரிசோதிக்கவில்லை. அவர்களைப் பரிசோதகர்களாக நியமித்ததே தலைவர்தான். அவர் வீட்டு ரோபோவைச் சந்தேகப்படுவது மரியாதையாக இருக்காது என்று மூவரும் தனித்தனியாகவே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

ஆமையைத் தன் மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போன மோட்டார் அக்கா பீடத்தைத் தாண்டும்போது பழக்கதோஷத்தில் ஓட்டையைப் பார்த்தாள். பூட்டுக்கம்பி இல்லை. குனிந்து பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அப்படியென்றால் லிங்க் உள்ளே இருக்கிறது. தட்டின் பற்கள் மஞ்சள் நாடாவைப் பார்த்து இருந்தன. நாடாவுக்கு அந்தப்பக்கம் முதல் நாற்காலியில் நண்டு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மேஜையில் ஒரு வெல்டர் இருந்தார். வருஷா வருஷம் வந்து தோற்றுவிட்டுப் போகிற நல்ல மனிதர். அவரும் பார்த்திருந்தார். அங்கே மேஜை போட்டிருந்த எல்லோருமே பார்த்திருந்தார்கள்.

"காலையிலேயே சொன்னேன்," என்றார் வெல்டர். "பூட்டுக்கம்பியில செவப்புக் கொடி தொங்குதுல்ல, அது சின்னத்தை மறைக்குதாம். போட்டோவுக்கு நல்லா இருக்காதுன்னு உருவிட்டாங்க."

"கம்பி எங்கே இப்போ?"

அவர் மேடையைக் காட்டினார். அங்கே மின்விசிறிக் காற்றில் தலைவரின் உரைத் தாள்கள் பறக்காமல் இருக்க, அவற்றின் மேல் பூட்டுக்கம்பி படுத்திருந்தது.

அவள் பாதுகாப்பு அதிகாரியைத் தேடிப் போனாள். கழுத்தில் இரண்டு பச்சைப் பட்டை போட்டவர் அவர்தான். நாற்காலிகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"ஆபத்து உங்க குழந்தைக்குன்னு சொல்றீங்களா, எல்லாக் குழந்தைங்களுக்கும்னு சொல்றீங்களா?"

"எல்லாருக்கும்தாங்க."

"உங்க குழந்தைக்குன்னா அது பெற்றோர் புகார். ஆனா நீங்க இப்போ பெற்றோர் இல்ல. எல்லாருக்கும்னா அது பொதுப் புகார். பொதுப் புகாரை விழா முடிஞ்சதும் வாங்குவோம்."

"அப்போ என் குழந்தையைத் திருப்பிக் குடுத்துடுங்க. நாங்க வீட்டுக்கே போயிடறோம்."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். வளாகம் இன்னும் திறந்துவைக்கப்படவில்லை. தலைவர்தான் திறந்துவைக்க வேண்டும். திறக்காத வளாகத்திலிருந்து ஒருவரை எப்படி வெளியே விட முடியும்? உள்ளே மட்டும் எப்படி விட்டீர்கள் என்று அவள் கேட்டாள். உள்ளே விடாவிட்டால் திறப்பு விழாவுக்குக் குழந்தைகள் இருக்க மாட்டார்களே என்றார் அவர்.

அந்த நேரத்தில்தான் உள்ளே இருந்த ஒரு பொடியன் தும்மினான். தும்மிய வேகத்தில் கயிறு நழுவிக் கண்ணாடி மடியில் விழுந்தது. அதிகாரி ஒரு நொடி தாமதிக்கவில்லை. விசில் ஊதினார். கண்ணாடியைக் கழற்றிய குழந்தை அந்தக் கணமே வெளியேற்றப்படும் என்பது விதி, அதற்குத் திறப்பு விழா தடையில்லை, தண்டனைக்கு ஒருபோதும் தடையில்லை. அவனுடைய வளையத்தைக் கத்தரியால் வெட்டினார்கள். அவன் மீறிய விதியை ஒருவர் உரக்கப் படித்தார். மண்டபத்தின் பின்பக்கம், கனமான கான்கிரீட் சுவருக்கு அப்பால் 'ஒழுங்கீனக் குழந்தைகள் நிற்கும் இடம்' என்று பலகை மாட்டிய தாழ்வாரத்தில் அவனைக் கொண்டு போய் விட்டார்கள். அவனுடைய அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். பின்வாசல் வழியாக மோட்டார் அக்கா எட்டிப் பார்த்தாள். பொடியன் ஒரு முழத் தடிமனான சுவருக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அந்த மண்டபத்திலேயே அவனை விடப் பாதுகாப்பான ஆள் யாரும் இல்லை. அவளுக்கு அவன் மேல் பொறாமையாக இருந்தது.

அவள் அடுத்ததாக மருமகனிடம் போனாள். அவன் பாதுகாவலனை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கெட்ட பையன் இல்லை, மாமனாருக்குப் பயந்தவன்.

"தம்பி, லிங்க்கையாவது உருவி வைப்பா. குழந்தைங்க உக்காந்திருக்காங்க."

"உருவினா லைட் அணைஞ்சிடும்கா. மாமா வர்றப்போ லைட் எரியணும்."

"ரிமோட் எங்கே?"

"மாமா கையில. பேசி முடிச்சதும் அவர் அதுல இருக்கிற குச்சியை லேசா தள்ளுவார். தட்டு மெதுவா ஒரு சுத்து சுத்தும். குழந்தைங்களுக்கு வணக்கம் சொல்ற மாதிரி."

"மெதுவாத்தான் சுத்துமா?"

"மெதுவா தள்ளினா மெதுவா சுத்தும்."

"தள்ளிப் பாத்திருக்காரா?"

"வீட்டு ஹால்ல ஒரு தடவை பாத்தார்."

"எப்படிப் போச்சு?"

அவன் துணியை மடித்தான், மறுபடி பிரித்தான். "புது சோபா வாங்கியாச்சுக்கா," என்றான்.

அவள் இனி யாரிடமும் கேட்பதில்லை என்று முடிவு செய்தாள். பீடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தாள், லிங்க் கையெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு காவலர்கள் வந்து தோளைப் பிடித்துவிட்டார்கள். முன்னாள் பெற்றோர் குழந்தைகள் இருக்கும் திசையில் அத்துமீறினால் மண்டபத்தை விட்டே வெளியேற்றுவோம் என்று அதிகாரி எச்சரித்தார். அந்த ஒரு வார்த்தை அவளைக் கட்டிப்போட்டது. தான் வெளியே, குழந்தை உள்ளே என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பெற்றோர் நிற்கப் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கைதட்டல் எழுந்தது. தலைவர் மேடையேறினார்.

அவர் ஒரு கையில் ஒலிவாங்கியைப் பிடித்தார். மறுகையில் ரிமோட்டைப் பிடித்தார். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லும் துணிச்சல் குழுவில் யாருக்கும் இல்லை. அவருடைய பெருவிரல் குச்சியின் மேல் சாய்ந்திருந்தது.

"பெரியோர்களே, என் உயிரினும் மேலான குழந்தைகளே," என்று ஆரம்பித்தார். 'உயிரினும்' என்கிற இடத்தில் கையை உயர்த்தினார். பாதுகாவலனின் தட்டு கால் அங்குலம் நகர்ந்து நின்றது. டிக் என்று ஒரு சத்தம்.

குழந்தைகளுக்குக் குஷி. கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும் தலைவருக்கு உற்சாகம் கூடியது.

"போன வருஷம் இந்தக் கூடத்தில் என்ன நிலைமை? குழந்தைகள் ஆளுக்கொரு மூலையில், அவரவர் அப்பா அம்மா பக்கத்தில் சிதறிக் கிடந்தார்கள். ஒரு விபத்து நடந்தால் எந்தக் குழந்தைக்குப் பட்டது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவல நிலை. இன்று அப்படியா? எல்லாக் குழந்தைகளையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். எது நடந்தாலும் எல்லோருக்கும் சமமாக நடக்கும். இதுதான் சமத்துவம்."

டிக். டிக். தட்டு இந்தத் தடவை அரைச் சுற்றுப் போய் நின்றது. பீடத்தின் நீலத் துணி ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. மருமகன் கண்ணை மூடிக்கொண்டான்.

மோட்டார் அக்கா மேடையில் இருந்த உரைத் தாள்களைப் பார்த்தாள். பாதிக்கு மேல் புரட்டியாகிவிட்டது. வெளியே போக வழி என்ன, வழி என்ன என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. வளாகத்திலிருந்து இதுவரை வெளியே போனது ஒரே ஒருவன், தும்மியவன். சட்டென்று அவளுக்கு உறைத்தது. உறைத்தவுடன் பயமும் வந்தது, ஏனென்றால் அந்த மண்டபத்தில் போட்டிருந்த அத்தனை விதியிலும் உருப்படியான விதி கண்ணாடி விதி ஒன்றுதான். பல்லுள்ள தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற குழந்தையிடம் கண்ணாடியைக் கழற்று என்று எந்தத் தாய் சொல்வாள்?

தலைவர் ஒரு தாளைப் புரட்டினார். அவள் கைகளை வாயருகே குவித்துக் கத்தினாள்.

"நண்டு. எல்லாரோட கண்ணாடியையும் கழட்டிவிடு."

நண்டு திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு பீடத்தைப் பார்த்தாள். பூட்டுக்கம்பி இல்லாத ஓட்டை அவள் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும், காலாட்டுவது நின்றுபோனது. எழுந்து பக்கத்து நாற்காலிக்குப் போய், அந்தக் குழந்தையின் தலைக்குப் பின்னால் இருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

விசில் பறந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடிகள் விழுந்தன. அதிகாரிக்கு வேர்த்துவிட்டது, ஆனால் நடைமுறையை விடுகிற ஆள் இல்லை அவர். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக வளையம் வெட்ட வேண்டும், தனித்தனியாக விதியைப் படிக்க வேண்டும். அதே விதிதான், அதே வார்த்தைதான். படித்தவர் ஒவ்வொரு தடவையும் முற்றுப்புள்ளியில் நிதானமாக நின்றார். மோட்டார் அக்காவுக்கு அவர் தொண்டைக்குள் கையை விட்டு மீதி வார்த்தைகளை உருவி எடுக்கலாமா என்று இருந்தது. குழந்தைகள் தலையைக் குனிந்தபடி ஒவ்வொருவராகச் சுவருக்குப் பின்னால் போனார்கள். பெற்றோர்கள் முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு ஒருவர் பீடத்தைப் பார்த்தார், ஒருவர் சுவரைப் பார்த்தார், மீதிப்பேர் தங்கள் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் கழட்டு, சீக்கிரம் கழட்டு என்று சைகை காட்ட ஆரம்பித்தார்கள்.

மேடையில் தலைவருக்கு எதுவும் தெரியாது. தாளிலிருந்து கண்ணை எடுத்தால் எந்த வரி என்று தெரியாமல் போய்விடும் என்பதால் அவர் கூட்டத்தைப் பார்ப்பதே இல்லை.

கடைசிச் சின்னக் குழந்தையும் போனது. வளாகத்தில் நண்டு மட்டும் நின்றாள். அவள் மூக்கில் கண்ணாடி இருந்தது.

அதிகாரி அவளைப் பார்த்து முதல் தடவையாகப் புன்னகை செய்தார். "பாத்தீங்களா, விதியை மதிக்கிற குழந்தை ஒண்ணாவது இருக்கு. நீ உக்காரும்மா. உன்னை வெச்சுத்தான் திறப்பு விழா," என்றார். காவலர்கள் நாடாவை மறுபடி இழுத்துக் கட்டினார்கள்.

"நண்டு, உன்னோடதையும் கழட்டுடி."

நண்டு தலையை ஆட்டினாள். "வீடே இடிஞ்சாலும் கழட்டக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே."

தட்டு மறுபடி டிக்கென்றது. இந்தத் தடவை நிற்காமல் மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ங்ங் என்று முனகி, அப்புறம்தான் நின்றது. தலைவரிடம் இன்னும் ஒரே ஒரு தாள்தான் மீதி.

மோட்டார் அக்கா பேச்சை விட்டுவிட்டாள். வருஷக்கணக்காகச் சொன்ன பேச்சை ஒரு நிமிஷப் பேச்சால் மாற்ற முடியாது. தன் கண்ணாடியில் கை வைத்தாள். வேலைப்பகுதியில் கண்ணாடியைக் கழற்றுகிற போட்டியாளரின் ரோபோ அந்த வருஷம் கூண்டுக்குள் போக முடியாது, அது எல்லோருக்கும் தெரிந்த விதி, நண்டுக்கும் தெரியும். மேஜை மேல் ஆமை பளபளவென்று காத்திருந்தது. ஒரு வருஷம் கடையை மூடிய பிறகு உட்கார்ந்து செய்த ஆமை. அவள் கண்ணாடியைக் கழற்றி, மகள் பார்க்கும்படி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

நண்டு ஆமையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாய் கோணி அழுதுகொண்டே கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

அதிகாரியின் புன்னகை அணைந்தது. ஆமையை அந்த இடத்திலேயே போட்டியிலிருந்து நீக்கினார். நண்டின் வளையத்தை வெட்டினார். விதி படிப்பவர் வாயைத் திறந்தார். அவர் முற்றுப்புள்ளிக்கு வரும்வரை மோட்டார் அக்கா காத்திருக்கவில்லை. நாடாவுக்கு அடியில் கையை விட்டு மகளை இழுத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்வாசலைப் பார்த்து ஓடினாள். குழந்தை கனத்தாள். வெல்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆகவே," என்றது ஒலிபெருக்கி அவள் முதுகுக்குப் பின்னால், "இனி இந்தக் குழந்தைகள் மேல் ஒரு தூசுகூட விழாது என்று அடித்துச் சொல்கிறேன்."

அடித்துச் சொல்கிறேன் என்று அவர் ரிமோட் இருந்த கையாலேயே மேஜையை ஓங்கி அடித்தார்.

சத்தம் சுவருக்கு அந்தப்பக்கம் வரை வந்தது. பாதுகாவலன் பீடத்திலிருந்து எகிறி, மஞ்சள் நாடாவை அறுத்துக்கொண்டு, நாற்காலி நாற்காலியாக ஏறி இறங்கியது. பிளாஸ்டிக் துண்டுகள் மின்விசிறி உயரத்துக்குப் பறந்தன. முதல் நாற்காலி, நண்டு காலாட்டிக்கொண்டிருந்த நாற்காலி, இரண்டாகப் பிளந்தது. கடைசியில் குழுவின் கொடித்துணி தட்டில் சுற்றிக்கொண்டு இறுக, ரோபோ புகைந்து நின்றது. மருமகன் தவழ்ந்து போய் லிங்க்கை உருவினான்.

தாழ்வாரத்தில் மோட்டார் அக்கா மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆமை போச்சே என்று மகள் அழுதாள். அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அடுத்த வருஷம் இன்னொரு ஆமை செய்யலாம், இன்னொரு நண்டை எங்கே போய்ச் செய்வேன் என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

உள்ளே குழு அவசரமாகக் கூடியது. கூடிய வேகத்திலேயே கலைந்தது. அதிகாரி ஒலிவாங்கியை எடுத்து மூன்று முடிவுகளை அறிவித்தார். இவ்வளவு பெரிய விபத்தில் ஒரு குழந்தைக்கும் கீறல்கூடப் படாதது குழுவின் மகத்தான வெற்றி, அதற்காகத் தலைவருக்குப் பதக்கம். குழந்தைகளை விதிமீறத் தூண்டிய முன்னாள் பெற்றோர் ஒருவருக்கு இரண்டு வருஷத் தடை. மூன்றாவதை அவர் குரலைத் தாழ்த்தி வருத்தத்தோடு படித்தார்.

"விபத்து நடந்த நேரத்தில் நமது வளாகத்துக்குள் ஒரு குழந்தைகூட இல்லை என்பது தெரியவந்துள்ளது. அத்தனை குழந்தைகளும் குழுவின் பாதுகாப்புக்கு வெளியே விடப்பட்டிருந்தார்கள். இந்த மாபெரும் குறை இனி நேராது. வெளியேற்றும் விதி இந்த நிமிடம் முதல் ரத்து செய்யப்படுகிறது. வளாகத்துக்குள் வந்தவர்கள் என்ன செய்தாலும், விழா முடியும்வரை யாரும் வெளியே அனுப்பப்பட மாட்டார்கள்."

பிறகு, போட்டோ இன்னும் எடுக்கவில்லை என்பதால் குழந்தைகளை மறுபடி உள்ளே அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். கான்கிரீட் சுவருக்குப் பின்னால் பெற்றோர்கள் ஆளுக்கொரு குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை. அதிகாரி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். குழந்தைகள் இல்லாவிட்டால் என்ன, நாங்களே உட்காருகிறோம் என்று தலைவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

புது நாற்காலிகள் வந்தன. அவையும் சின்ன நாற்காலிகள்தான். குழுவினர் முழங்கால் தாடையில் இடிக்க அவற்றில் உட்கார்ந்தார்கள். கண்ணாடி மாட்டிக் கயிறும் கட்டிக்கொண்டார்கள். காவலர்கள் நாடாவைச் சுற்றிக் கட்டினார்கள். மருமகன் தட்டில் சிக்கியிருந்த துணியை வெட்டி எடுத்துவிட்டு, பாதுகாவலனைத் தூக்கிப் பீடத்தில் வைத்தான். லைட் எரியவில்லையே என்று தலைவர் கேட்டார். அவன் லிங்க்கைச் செருகினான்.

தன் சாமான்களை எடுக்க உள்ளே வந்த மோட்டார் அக்காவின் காலில் ஏதோ இடறியது. பூட்டுக்கம்பி, சிவப்புக் கொடியோடு. தலைவர் மேஜையை அடித்ததில் உருண்டு விழுந்திருக்கிறது. அவள் அதை எடுத்துக்கொண்டு போய், நாடாவுக்கு வெளியே நின்றபடி அதிகாரியிடம் நீட்டினாள். "இதை ரோபோல போட்டுடுங்க, புண்ணியமாப் போகும்," என்றாள். அவர் மிகவும் நன்றி என்று வாங்கிக்கொண்டார். மேடைக்கு ஆளனுப்பினார். அந்த ஆள் பறந்துகொண்டிருந்த தாள்களைப் பொறுக்கி அடுக்கி, அவற்றின் மேல் கம்பியைப் பத்திரமாக வைத்தான்.

போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி உட்காரச் சொன்னார். தலைவர் நடு நாற்காலியில் இருந்தார். பதக்கம் கழுத்தில் தொங்கியது, ரிமோட் மடியில் இருந்தது. ஒரு கையைத் தூக்கி அசைக்கலாமா என்று அவர் போட்டோக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவின் பின்னாலேயே வந்திருந்த நண்டு அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அவங்களையும் கண்ணாடியைக் கழட்டச் சொல்லேன். வெளியே அனுப்பிடுவாங்கல்ல?"

மோட்டார் அக்கா நாடாவுக்குள் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"இனிமே அனுப்ப மாட்டாங்கடி," என்றாள். "சட்டத்தை மாத்திட்டாங்க."

மகளின் கண்ணாடிக் கயிற்றைத் திரும்ப இறுக்கிக் கட்டிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு சுவருக்குப் பின்னால் போனாள்.